அயற்சமயத்தார் அடையாளமும் சைவாசிரியர் கடமையும்



நம் சமயம் அடையாளத்தைப் போற்றுஞ் சமயம். திருநீறும் உருத்திராக்கமும் திருவைந்தெழுத்தும் சைவர்க்குரிய சாதனங்களென்பதைப் பாலர் வகுப்பிலேயே படிப்பிக்கின்றோம். நாயன்மார் சரித்திரங்களுட் பல, அடையாளத்தின் பெருமையையே பொருளாகக் கொண்டு நடப்பன. மெய்ப்பொருள் நாயனார், நீறு பூசி வந்த முத்தநாதன் தம்மைக் குத்திய பின்னரும், அவ்வேடத்துக்கு ஊறு நேராவண்ணந் தத்தனை ஏவி, அவனை ஊரெல்லை கடத்துவித்தார். ஏனாதிநாத நாயனார், பகைவன் நெற்றியில் நீற்றைக் கண்ட கணமே போரொழிந்து நின்று தம்முயிரைக் கொடுத்தார். சேரமான் பெருமாள் நாயனார், உவர்மண் படிந்து வெளுத்த மேனியோடு எதிர்வந்த வண்ணானைக் கண்டு, நீறணிந்த திருவேடம் நினைவுக்கு வர, யானையினின்றும் இறங்கித் தொழுதார்.

இச்சரித்திரங்களை ஆண்டுதோறும் படிப்பிக்கும் நாம் நம்மையே வினாவவேண்டியதொன்று உண்டு. ஒருவன் தன் சமயத்துக்கென்று தாங்கும் அடையாளம் அவனுக்கு எத்துணை உயிர்நிலையானது என்பதை நம்மினும் நன்கறிந்தார் யாவர்? அங்ஙனம் அறிந்த நாம், அயற்சமயத்தானுடைய அடையாளம் இகழப்படும்பொழுது யாது செய்கின்றோம்? சிறுபான்மைச் சமயத்தார் யாவரும் ஒன்றுபடவேண்டுமென்று மேடைதோறும் பேசப்படுகின்றது. அவ்வொற்றுமை தொடங்கும் இடம் இவ்வினாவே என்பதைக் காட்டுதலே இப்பிரசங்கத்தின் நோக்கமாகும்.

இதனை யான் எழுதுவது முந்தலிலிருந்து. முந்தல், கொழும்பினின்றும் புத்தளஞ் செல்லும் நெடுஞ்சாலையில், சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, களப்பின் பக்கத்தே உள்ளது. தெற்கே சிலாபத்தை அடுத்து முன்னேசுவரம் விளங்குகின்றது. கடலோரத்தில், திரௌபதையம்மன் தீமிதிப்பினாற் பெயர்பெற்ற உடப்பு இருக்கின்றது. வடக்கே கற்பிட்டிக் குடாநாட்டில், தலவிலப் புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு எச்சமயத்தாரும் நேர்த்தி வைத்துச் செல்கின்றனர். இவற்றிடையே பள்ளிவாசல்களும் பௌத்த விகாரைகளும் பலவாம். 2012 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி புத்தளம் மாவட்டத்தில் எச்சமயத்தாரும் பாதித்தொகையினராகவில்லை. பௌத்தரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் பெருந்தொகையினராய் வாழ, சைவராகிய நாம் நூற்றுக்கு ஐவரினுங் குறைந்தோம். ஆதலின், சிறுபான்மையென்னுஞ் சொல்லின் பொருளை நாம் அகராதியிற் பார்த்து அறியவேண்டுவதில்லை.

இக்கரையின் பழைய சரித்திரத்தைச் சிறிது நோக்குவோமாக. 1578 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் முன்னேசுவர ஆலயத்தை இடித்தனர். அவர்களாற் கரையோரத்தினின்றுந் துரத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு, 1626 ஆம் ஆண்டிற் கண்டியரசன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் இடங்கொடுத்துக் குடியேற்றினான். 1658 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் ஆட்சி ஒழிந்து ஒல்லாந்தர் ஆட்சி வந்தது. அப்பொழுது துன்பம் கத்தோலிக்கர்மேற் சென்றது. அவர்களுடைய வழிபாடு தடுக்கப்பட்டது. குருமார் நாடு கடத்தப்பட்டனர். 1687 ஆம் ஆண்டிற் கோவாவினின்றும் மாறுவேடத்தில் வந்த யோசேப்பு வாஸ் என்னுங் குருவானவர், யாழ்ப்பாணத்தில் மறைவாகத் தொண்டு செய்து, பின்பு கண்டியரசின் ஆணை சென்ற புத்தளத்தை அடைந்தார். அங்கிருந்து கண்டிக்குச் சென்றபொழுது ஒற்றனென்று ஐயுறப்பட்டுச் சிறையிலிடப்பட்டார். ஆயினும் பௌத்தனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன், அவர் தூய்மையை அறிந்து, அவர் தொண்டினைத் தடுக்காது விட்டான். அவரையே கத்தோலிக்க திருச்சபை 2015 ஆம் ஆண்டிற் புனிதராக அறிவித்தது. இடிந்த முன்னேசுவரத்தை 1753 ஆம் ஆண்டிற் புதுக்குவித்தவன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன். சீயதேசத்துப் பிக்குமாரை வரவழைத்துப் பௌத்த உபசம்பதையை மீள நிலைநாட்டியவனும் அவனே. இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன.

இதனால் அறியப்படுவது யாது? சைவர்க்கும் முஸ்லிம்களுக்கும் கத்தோலிக்கருக்கும் இக்கரையில் முறை முறையாக ஒரே துன்பம் வந்தது. அத்துன்பத்தில் ஒவ்வொருவர்க்கும் நிழல் கொடுத்தவர் அயற்சமயத்தாரே. அவ்வரசர்கள் யாவரும் குற்றமற்றவரென்று யான் சொல்லவரவில்லை. அரசியற் காரணங்களும் அவர்க்கு இருந்திருக்கும். ஆயினும், பௌத்தத்தைப் பேணிய அரசன் சைவ ஆலயத்தைக் கட்டுவித்தலும், தான் ஓதாத வேதத்தை ஓதுவார்க்கு இடங்கொடுத்தலும் இந்நாட்டில் நடந்தனவென்பதற்கு இவை சான்றாம்.

இனி, நம் கண்முன் நிகழ்ந்தவற்றுக்கு வருவோம். 2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டி ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகள் சிலவற்றிலும் குண்டுகள் வெடித்தன. இருநூற்று அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். செவ்வாய்க்கிழமைகளிற் சைவரும் சென்று மெழுகுதிரி ஏற்றும் ஆலயம் கொச்சிக்கடை. ஆதலின், அத்துயர் கத்தோலிக்கருடையது மாத்திரமன்று, நம்முடையதுமாம். அக்கொடுமையைச் செய்தவர் முஸ்லிம் பெயர் தாங்கிய ஒரு சிறு கூட்டத்தார். அவர் செய்த பழி, அவரை அறியாத இலக்கக்கணக்கான முஸ்லிம்கள் தலையில் ஏற்றப்பட்டது.

மூன்று வாரங் கழிந்து, மே 12 ஆந் திகதி, சிலாபத்தில் முஸ்லிம் வணிகர் ஒருவர் முகநூலில் எழுதிய ஓர் ஆங்கில வாக்கியம் அச்சுறுத்தலெனப் பொருள் கொள்ளப்பட்டது. மிகச் சிரிப்பவன் ஒருநாள் அழநேரும் என்னும் பொருள்பட அவர் எழுதியது, அடுத்த குண்டுக்கு முன்னறிவித்தலென்று ஊரெங்கும் பரவிற்று. கடைகளும் பள்ளிவாசலுந் தாக்கப்பட்டன. மறுநாள் குருநாகல், கம்பகா, புத்தளம் மாவட்டங்களிற் கலகம் பரந்தது. நம் மாவட்டத்துக் கொட்டராமுல்லையில் முஸ்லிம் தச்சர் ஒருவர் தம் வீட்டிடத்தே கொல்லப்பட்டார். இலக்கணம் படிப்பிக்கும் நாம் இதனை மறத்தலாகாது. ஒரு வாக்கியத்துக்குத் தவறாகப் பொருள் கொண்டமை ஊர்களை எரித்தது.

அன்பர்காள், ஒன்று சிந்திக்கத்தக்கது. முன்னேசுவரத் திருவிழாவுக்குப் பௌத்தரும், தலவிலைக்குச் சைவரும் செல்லும் கரை இது. ஒருவர் திருவிழாவில் மற்றொருவர் கலத்தல் இனியதே. ஆயினும் 2019 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வினிமை கலகத்தைத் தடுக்கவில்லை. திருவிழாவிற் கலத்தல் அன்புக்கு அடையாளமாகலாம், இடுக்கணிற் காவலாகாது. காவலாவது, அயலானுடைய உரிமைக்காக, நமக்கு அதனால் யாதொரு பயனுமில்லாதபொழுதும், எழுந்து நிற்றல்.

இதற்கு மறு ஆண்டில் வந்த நிகழ்ச்சியே தக்க உதாரணம். 2020 ஆம் ஆண்டிற் கொரோனாத் தொற்று பரவியபொழுது, அதனால் இறந்தோர் யாவரையும் எரித்தே ஆகவேண்டுமென்று அரசாங்கம் விதித்தது. அடக்கஞ் செய்யலாமென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருந்தும், அவ்விதி 2021 ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதி வரை நீக்கப்படவில்லை. அக்காலத்தில் 276 முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாளான சிசுவும் அவ்வாறாயிற்று. அடக்கஞ் செய்தலை மரபாகக் கொண்ட கிறிஸ்தவருள்ளும் பலர் இதனால் வருந்தினர். 2024 ஆம் ஆண்டில் அரசாங்கம் மன்னிப்புக் கோரிற்று.

சைவர்க்கு இதில் ஒரு தடுமாற்றம் உண்டு. தகனம் நம்முடைய மரபு. அந்தியேட்டிக் கிரியையில் ஈமத்தீயைத் தூயதென்று மதித்து வணங்குகின்றோம். ஆதலால், நம்மவர் சிலர், 'எரித்தலிற் குறை யாது?' என்றனர். எரித்தலிற் குறையில்லை. ஆனால், நம் பிணத்தைத் தோண்டிய குழியிற் புதைக்கும்படி ஓர் அரசு கட்டளையிட்டு, தீக்கடனைச் செய்யவிடாது மகனைத் தடுக்குமாயின், நம் நெஞ்சு எவ்வாறு பதைக்கும்! அப்பதைப்பையே முஸ்லிம் தாய்தந்தையர் பதைத்தனர். நமக்குப் புனிதமான தீயே அயலானுக்குக் கொடுமையாயிற்று. கொடுமையாக்கியது தீயன்று, அவன் விருப்பமின்றி அவன்மேல் இடப்பட்டமையே.

அதனை உணர்ந்தோர் சிலர் நம்மிடையே இருந்தனர். 2021 ஆம் ஆண்டு பெப்ரவரி 3 ஆந் திகதி தொடங்கி 7 ஆந் திகதி வரை, பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை ஒரு பெருநடை நிகழ்ந்தது. தமிழர் தங்குறைகளைச் சொல்லி நடந்த அந்நடையில், முஸ்லிம் உடல்களை வலிந்து எரித்தலை நிறுத்துக என்பதும் ஒரு கோரிக்கையாயிற்று. சைவத் துறவியரும் கிறிஸ்தவ குருமாரும் முன்னே செல்ல, முஸ்லிம் ஊர்களில் மக்கள் வீதிக்கு வந்து உடன் நடந்தனர். தகனஞ் செய்வோர், அடக்கஞ் செய்வோரின் உரிமைக்காக நடந்தமையே அந்நடையின் சிறப்பு. அடுத்த மாதம் ஓட்டமாவடியில் அடக்கத்துக்கு இடம் விடப்பட்டது. நடையினாலேயே விதி மாறிற்றென்று யான் கூறேன். பிறநாட்டாரும் உலக நிறுவனங்களும் வற்புறுத்தியதும் உண்டு. எனினும், கிழக்கிலும் வடக்கிலும் நெடுங்காலம் ஒருவரையொருவர் ஐயுற்று வாழ்ந்த இரு சாரார் ஒரே வீதியில் நடந்தமை சிறிய பேறன்று.

அவ்வாறு நடத்தல் ஏன் அருமையாயிற்று? அதற்குத் தடைகள் மூன்றுள. அவற்றை மறையாது சொல்லுதல் வேண்டும்.

முதலாவது தடை, காயத்தின் நினைவு. 1990 ஆம் ஆண்டு ஆகத்து 3 ஆந் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒன்பது நாட் கழிந்து, 12 ஆந் திகதி, வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில், வடமாகாணத்து முஸ்லிம்கள் யாவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர் தொகை எழுபத்தையாயிரம் வரையென்பர். யாழ்ப்பாணத்தில் அவர்க்குக் கொடுக்கப்பட்ட தவணை இரண்டு மணிநேரம். அவருட் பெரும்பாலோர் வந்திறங்கியது நம் புத்தளத்தில். பலர் மன்னாரினின்றும் தோணியேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தவர். அவர் மக்களும் மக்கள் மக்களும் இன்றும் நம் அயலில் வாழ்கின்றனர்.

நம் வீடுகளில் வீரமுனை நினைக்கப்படுகின்றது. அவர் வீடுகளிற் காத்தான்குடியும் ஒக்டோபரும் நினைக்கப்படுகின்றன. ஒருவர் நினைப்பது மற்றொருவர் நினைப்பதில்லை. 'அவன் முன்னே செய்தான்' என்னும் வாக்கியம் இரு வீட்டிலும் ஒன்றே. பள்ளிவாசலிலே தொழுதவனும் கோயிலிலே ஒளித்தவனும் தத்தம் இறைவன் சந்நிதியை நம்பியே அங்கிருந்தனர். இவ்விரு நாளையும் ஒருங்கே நினைக்கக் கற்பித்தல் ஆசிரியர் தொழில். ஒன்றை மாத்திரங் கற்பித்தால் அது சரித்திரமன்று. பகைக்கு இடும் எருவாம்.

இரண்டாவது தடை, அயலானை நம்முள் விழுங்கப் பார்த்தல். சேர். பொன்னம்பலம் இராமநாதனைச் சைவவுலகம் என்றும் மறவாது; இராமநாதன் கல்லூரியும் பரமேசுவரக் கல்லூரியும் அவர் கொடை. அப்பெரியார் 1888 ஆம் ஆண்டில், இலங்கைச் சோனகர் இனத்தாலே தமிழரென்றும் சமயத்தாலே மாத்திரம் முஸ்லிம்களென்றும் நிறுவ ஒரு கட்டுரை எழுதினார். அதனை முஸ்லிம்கள் ஏற்கவில்லை. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 ஆம் ஆண்டில் மறுப்பு எழுதினார். மொழி ஒன்றாயிருத்தலால் மனிதரும் ஒன்றென்பது நமக்கு அன்பு மொழியாகத் தோன்றலாம். கேட்டவர்க்கோ, தம் பெயரையும் சட்டசபையிற் பெறவேண்டிய இடத்தையும் இழக்கச் செய்யும் மொழியாகப் பட்டது. பின்பு, 1915 ஆம் ஆண்டில் முஸ்லிம்களின்மேற் கலகம் நிகழ்ந்தது. அதனை அடக்க ஆங்கில அரசு இராணுவச் சட்டத்தாற் சிங்களவருக்குச் செய்த அநீதியை இராமநாதன் அஞ்சாது கண்டித்தார்; அது வீரச் செயலே. ஆயினும், கலகத்தில் வீடும் கடையும் இழந்த முஸ்லிம்கள், தமக்காக அக்குரல் அவ்வளவில் எழவில்லையென்று வருந்தினர். அவ்வருத்தம் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நெடுங்காலம் நின்றது. பெரியார் செய்த தொண்டினைப் போற்றுவதோடு, இதனையும் நாம் கற்றல் வேண்டும். 'நீயும் நானே' என்று சொல்லி அணைப்பது ஒற்றுமையன்று. 'நீ நீயாகவே இரு. உனக்கு இடையூறு வரின் நான் வருவேன்' என்பதே ஒற்றுமை.

மூன்றாவது தடை மற்றை இரண்டினும் கடியது. அது நம் மதிலுக்கு உள்ளே இருப்பது. நாடு முழுவதிலுஞ் சிறுபான்மையராய் உள்ளவரும், தம் ஊரில், தம் சபையில், தம் பாடசாலையிற் பெரும்பான்மையராய் ஆகின்றனர். அவ்விடத்தில் அவர் யாது செய்கின்றனரென்பதே அவர் நீதிக்கு உரைகல்.

நம் புராணமே இதற்குச் சான்று தருகின்றது. திருநாவுக்கரசு நாயனாரைச் சமணர் சொற்கேட்ட பல்லவன் நீற்றறையில் இட்டான்; நஞ்சூட்டினான்; கல்லொடு கட்டிக் கடலில் எறிவித்தான். அந்நாயனாரும் திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் ஒரே காலத்தவர். மதுரையில் அரசன் சைவனானவுடன் எண்ணாயிரஞ் சமணர் கழுவேறினரென்று அதே புராணஞ் சொல்கின்றது. வாதில் தோற்பின் கழுவேறுவதென்று சமணரே சபதஞ் செய்தனரென்பது நூலின் சமாதானம். அச்சமாதானத்தை அறிவோம். ஆயினும், வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, 'ஐயா, நீற்றறையிற் பட்ட துன்பத்தை அறிந்தவர்கள் கழுமரத்தை ஏன் தடுக்கவில்லை?' என்று கேட்பின், அப்பிள்ளையை இருத்திவிடுதல் ஆசிரியர்க்கு அழகன்று. அப்பிள்ளை கேட்டது சைவத்துக்கு விரோதமான கேள்வியன்று. சைவத்தின் இரக்கத்திலிருந்து பிறந்த கேள்வி.

2018 ஆம் ஆண்டு ஏப்பிரலில், திருகோணமலையிலுள்ள ஓர் இந்து மகளிர் கல்லூரியில் இத்தகைய சோதனை வந்தது. அங்குப் படிப்பித்த முஸ்லிம் ஆசிரியைமார் அபாயா என்னும் மேலங்கியணிந்து வந்தனர். அது கல்லூரியின் மரபுக்கு ஒவ்வாதென்றும், புடவையே உடுத்தல் வேண்டுமென்றும் பெற்றோரும் பழைய மாணவியரும் வாயிலிற் கூடி எதிர்த்தனர். ஆசிரியைமார் வேறு பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். மனித உரிமைகள் ஆணைக்குழு அவர்கள் பக்கமாகப் பரிந்துரை செய்தது. 2022 ஆம் ஆண்டில் ஓர் ஆசிரியை மீண்டு வந்தபொழுது மறுபடியுங் குழப்பம் உண்டாயிற்று. எதிர்த்தோர் தீயவரல்லர். மிஷன் பாடசாலைகளின் நடுவே அரும்பாடுபட்டு உண்டாக்கிய சைவக் கல்விக்கூடம் தன் தன்மையை இழந்துவிடுமோ என்று அஞ்சினர். அவ்வச்சத்தை யான் இகழேன். ஆனால், அவர் சொன்ன நியாயத்தை வேறொரு வாயிலும் யான் கேட்டதுண்டு.

யான் பாதிரிமார் கலாசாலையிற் பயின்றவன். எண்ணும் எழுத்தும் ஆங்கிலமும் அங்கே பெற்றேன். அந்நன்றி என்றும் உண்டு. நீறணிந்து சென்ற சைவப்பிள்ளைகள் காலைச் செபத்துக்கு முன் நெற்றியைத் துடைத்துவரும்படி ஏவப்பட்டதும் அங்கேதான். 'இஃது எங்கள் பள்ளி. இங்கே எங்கள் வழக்கமே வழக்கம்' என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். துடைத்துவிட்டு வரிசையில் நின்ற பிள்ளைக்கு அன்று ஒருவரும் அடிக்கவில்லை, வையவில்லை. ஆயினும், தன் தாய் இட்டதைத் தன் கையால் அழித்தது அப்பிள்ளைக்கு நாற்பது ஆண்டு கழிந்தும் மறப்பதில்லை. அவ்வாக்கியத்தையே சைவராகிய நாம் மற்றொருவர்க்குச் சொல்லலாகுமா? முஸ்லிம் பாடசாலைகளிற் படிப்பிக்குஞ் சைவ ஆசிரியைமார் பலருளர். அவர்க்கு நாளை ஒருவர், 'பொட்டை அழித்து வருக' என்பாராயின், நாம் எம்முகத்தோடு முறையிடுவோம்?

ஆறுமுகநாவலர் 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தது, சைவப்பிள்ளைகள் தஞ் சமயத்தை விடாது கல்வி பெறுதற்காக. அதன் உட்பொருள், கல்விக்கு விலையாக ஒருவன் தன் அடையாளத்தைக் கொடுத்தலாகாது என்பது. அந்நீதி சைவப்பிள்ளைக்கு மாத்திரம் உரியதாயின் அது நீதியன்று. நம் வசதி மாத்திரமே.

வடஇந்தியாவிற் சீக்கியரின் ஒன்பதாம் குருவாகிய தேக் பகதூர், 1675 ஆம் ஆண்டில் ஔரங்கசீப்பின் ஆணையால் டில்லியில் தலை துணிக்கப்பட்டார். காசுமீரத்துப் பிராமணர் வலிந்து மதமாற்றப்படுதலைத் தடுக்கவே அவர் அவ்வாறு முன்சென்றாரென்பது சீக்கியர் மரபு. பிராமணருடைய பூணூலையும் திலகத்தையும் அக்குரு தமக்கு உரியனவாகக் கொண்டவரல்லர். தாம் அணியாத நூலுக்காகத் தம் தலையைக் கொடுத்தார். மெய்ப்பொருள் நாயனார் தம் சமயத்தின் வேடத்துக்காக உயிர் கொடுத்தார். இவர் அயற்சமயத்தின் வேடத்துக்காகக் கொடுத்தார். இரண்டையும் ஒருங்கே பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆசிரியரே ஒற்றுமையின் இலக்கணத்தைச் சொன்னவராவர்.

'மதமாற்றஞ் செய்வாரோடு எங்ஙனம் ஒன்றுபடுவது?' என்று அன்பர் சிலர் வினாவுவர். நியாயமான வினாவே. வறுமையைக் கண்டு பொருள் காட்டி மதமாற்றுவது தீது. அதனை வெளிப்படையாகக் கண்டித்தல் வேண்டும். நாவலர் கண்டித்தார். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் உடனுழைத்து, எதிர்ப்பக்கத்து நூலை நன்கு அறிந்தே கண்டித்தார். கொள்கையோடு வாதஞ் செய்வது வேறு. மனிதன் வழிபடும் கூரைக்குத் தீ வைப்பதைப் பார்த்து வாளாவிருப்பது வேறு. 2004 ஆம் ஆண்டில் மதமாற்றத் தடைச் சட்டமூலமொன்று பாராளுமன்றத்துக்கு வந்தபொழுது, பெரும்பான்மையாரோடு சேர்ந்து கிறிஸ்தவரை அடக்கலாமென்று நம்மவர் சிலரும் மகிழ்ந்தனர். அயலான் கையைக் கட்டுதற்கு நாம் திரித்துக் கொடுக்குங் கயிறு நம் கையை விட்டுவைக்கும் என்பதற்கு உறுதி யாது? 2024 ஆம் ஆண்டு மார்ச்சு 8 ஆந் திகதி, மகாசிவராத்திரியன்று, வவுனியா வெடுக்குநாறிமலை ஆதிசிவன் ஆலயத்தில் வழிபட்டோருள் எண்மர் பொலிசாராற் பிடிக்கப்பட்டு மறியலில் வைக்கப்பட்டனர். அன்று முஸ்லிமும் கிறிஸ்தவரும் பௌத்தரும் நமக்காக வாய்திறக்க வேண்டுமென்று நாம் விரும்பினோமல்லமோ? அவ்விருப்பத்துக்குத் தகுதி பெறுதல், அவர்க்காக நாம் முன்னே வாய்திறந்திருப்பதனாலன்றி வாராது.

மேலும், புறத்தே ஒற்றுமை பேசி அகத்தே கதவடைத்தல் போலியாம். 1968 ஆம் ஆண்டில் மாவிட்டபுரங் கந்தசுவாமி கோயில் வாயிலில், சாதி சொல்லிச் சைவரே சைவரைத் தடுத்தனர். தன் ஆலயத்துள்ளே தன் சகோதரனை ஒப்ப மதியாதவன், பள்ளிவாசலுக்காகப் பேசுஞ் சொல்லை எவர் நம்புவர்?

இனி, சைவாசிரியராகிய நாம் செய்யத்தக்கனவற்றைச் சுருக்கிக் கூறுவேன்.

ஒன்று: அயற்சமயத்தைப் பற்றி வகுப்பிற் பேசுங்கால், அச்சமயத்தான் ஒருவன் கடைசி வாங்கில் இருந்து கேட்கின்றான் என்று எண்ணிப் பேசுக. அவன் 'ஆம், இதுவே எங்கள் கொள்கை' என்று ஒப்புமாறு சொல்லியபின்னரே நம் கொள்கை வேறுபடுமிடத்தைக் காட்டுக.

இரண்டு: நம் பாடசாலையிற் பயிலும் முஸ்லிம், கிறிஸ்தவ, பௌத்தப் பிள்ளைகளின் தொகை ஒன்றேயாயினும், அவர்தம் நோன்பையும் தொழுகை நேரத்தையும் பண்டிகையையும் உடையையும் அவர் கேளாமுன்னமே விசாரித்து இடங்கொடுக்க. நம் தேவாரப் பிரார்த்தனையின்போது அவர் மரியாதையாய் நிற்றல் போதும், பாடும்படி வற்புறுத்தற்க.

மூன்று: கைத்தொலைபேசியில் அயற்சமயத்தாரைப் பற்றி வருஞ் செய்தியை, யார் எழுதியது, எப்பொழுது எழுதியது, முழு வாக்கியம் யாது என்று வினாவாமல் மற்றொருவர்க்கு அனுப்பற்க. இவ்வினாக்களை மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இலக்கணப் பாடத்தோடு பழக்குக. சிலாபத்து நிகழ்ச்சியே இதற்குப் பாடமாகும்.

நான்கு: அயலில் ஒரு பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ ஊறு நேரின், அறிக்கையைப் பிறகு எழுதலாம், அன்றே, ஆசிரியர் இருவரேனும் நேரிற் சென்று அவ்வாயிலில் நிற்க. இடுக்கண் வந்த நாளில் வந்து நின்ற முகத்தை எவரும் மறப்பதில்லை.

ஐந்து: 1990 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தின் இரு நாள்களையும் ஒருங்கே நினைவுகூருக. புத்தளப் பகுதியாசிரியர், வடக்கினின்றும் வந்த முஸ்லிம் குடும்பத்து முதியவர் ஒருவரை அழைத்து, அவர் விட்டுவந்த ஊரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லச் செய்க. அவர் சொல்வதற்கு மறுமொழி கூறாது கேட்டலே அன்றைய பாடம்.

இவற்றால் நம் சைவம் தளரும் என்று அஞ்சவேண்டுவதில்லை. எவ்வுருவில் வழிபடப்படினும் அவ்வழிபாட்டை ஏற்று அருள்பவன் முழுமுதலாகிய சிவனே என்பது சிவஞானசித்தியாரிற் காணப்படுங் கொள்கை. சாக்கிய நாயனார் புத்தவேடத்தை நீக்காமலே, நாடோறும் சிவலிங்கத்தின்மேற் கல்லெறிந்து வழிபட்டார். இறைவன் அக்கல்லையும் மலராகக் கொண்டான். வேடத்தையும் கல்லையும் கடந்து அன்பைக் கண்டவன் நம் இறைவன். அவனை வழிபடும் நாம், அயலான் வேடத்தைக் கண்ட மாத்திரத்தே அவன் நெஞ்சைக் காணமாட்டாது கண்ணை மூடலாகாது.

நூற்றுக்கு ஐவரினுங் குறைந்த நாம் யாது செய்யவல்லோமென்று தளரற்க. ஒரு வகுப்பறைக்குள்ளே ஆசிரியரே அரசர். அங்கே நாற்பது பிள்ளைகளிடையே வேறு சமயத்துப் பிள்ளை ஒன்று அமர்ந்திருக்குமாயின், அப்பிள்ளைக்கு அவ்வறையே நாடு. நாம் சொல்வதே சட்டம். நாடு நமக்குச் செய்யவேண்டுமென்று நாம் கேட்கும் நீதியை அவ்வறையில் நாளைக் காலையே செய்யத் தொடங்கலாம். அதற்கு எந்த மந்திரியின் கையொப்பமும் வேண்டுவதில்லை.

எல்லாம்வல்ல சிவபெருமான் திருவருள் முன்னிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.